மூடி

சேலத்திலிருந்து தருமபுரிக்குப் போகிறவர்களுக்குத் தொப்பூர் கணவாய் தெரியும். அந்த ஏற்றத்தில் என் பழைய கார் இரண்டு ஆண்டுகளில் மூன்று முறை நின்றது. ஒவ்வொரு முறையும் சூடு காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொடும், பானெட்டிலிருந்து ஆவி கிளம்பும். பின்சீட்டில் இருக்கும் அம்மா ஒன்றும் பேசாமல் கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கி, மர நிழலில் போய் நிற்பார். அந்தப் பேசாமைதான் எனக்கு வலிக்கும்.

முதல் தடவை வாட்டர் பம்ப் போய்விட்டது என்றார்கள், 4,200 ரூபாய். அடுத்தது தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் அடைப்பு, 6,500. மூன்றாவது தடவை ஹெட் கேஸ்கெட். ஹெட்டைக் கழற்றி, லேத்தில் ஃபேஸிங் போட்டுத் திரும்பப் பூட்ட 23,000. அந்த மாதம் மகளின் பள்ளிக் கட்டணத்தைத் தள்ளிப்போட்டேன்.

மூன்று பில்லிலும் பொய் இல்லை. மாற்றிய சாமான்கள் உண்மையிலேயே கெட்டிருந்தன. ஏன் கெட்டன என்றுதான் யாரும் பார்க்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மறுபடி முள் ஏறத் தொடங்கியதும் வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். வண்டியைத் தொடுமுன் அவர் பழைய பில்களைக் கேட்டார். மூன்றையும் வரிசையாக வைத்துப் படித்தார். பிறகு ரேடியேட்டர் மூடியைக் கழற்றி, மீட்டர் வைத்த கைப்பம்பில் மாட்டிக் காற்றடித்தார். அழுத்தம் நிற்கவே இல்லை. "மூடி பிடிக்கல சார்" என்றார்.

குக்கரை நினைத்துப் பாருங்கள். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதித்துவிடும். குக்கருக்குள் அழுத்தம் இருப்பதால் 120 டிகிரி வரை தாங்கும். ரேடியேட்டர் மூடிக்குள் இருக்கும் ஸ்பிரிங் செய்வதும் அதே வேலைதான். மூடியின் மேல் 0.9, 1.1 என்று போட்டிருப்பது அந்த அழுத்தத்தின் அளவு. ஸ்பிரிங் தளர்ந்தால் ஏற்றத்தில் கூலன்ட் சீக்கிரமே கொதித்து வெளியேறும். நாம் வழியில் கிடைக்கும் போர்வெல் தண்ணீரை ஊற்றுவோம். அதன் உப்பு, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படிந்து அடைக்கும். சூடு இன்னும் ஏறும். என் வண்டியில் சிலிண்டர் ஹெட் அலுமினியம், கீழே பிளாக் வார்ப்பிரும்பு. ஒரே சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரியும். இரண்டுக்கும் நடுவே நசுங்கிக் கிடக்கிற கேஸ்கெட் எத்தனை நாள் தாங்கும்?

புது மூடி 280 ரூபாய். ரேடியேட்டரைக் கழுவி, கூலன்டும் மாற்றினோம்.

இப்போது வண்டியில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். தேதி, கிலோமீட்டர், மாற்றிய சாமான், அது கெட்ட காரணம். கடைசிக் கட்டத்தை நிரப்பாமல் நான் ஒர்க்‌ஷாப்பை விட்டுக் கிளம்புவதில்லை. கழற்றிய பழைய சாமானையும் கேட்டு வாங்கிப் பார்க்கிறேன். சிலர் முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை, கேளுங்கள்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும். வண்டியை ஓரங்கட்டி அணைத்துவிட்டு, நன்றாக ஆறும்வரை காத்திருங்கள்.

பொங்கலுக்கு அம்மாவோடு மறுபடி தொப்பூர் ஏறினோம். பழைய மரம் வந்ததும் அம்மா கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். முள் நடுவிலேயே நின்றது. தருமபுரி ஊர்ப்பலகையைப் பார்த்த பிறகுதான் பையைக் கீழே வைத்தார்.