பெல்ட் எப்போது கத்துகிறது?



காலையில் காரை ஸ்டார்ட் செய்ததும் முன்பக்கத்திலிருந்து 'கிரீச்' என்று நீளமாக ஒரு சத்தம். தெருவே திரும்பிப் பார்க்கிறது. ஒரு நிமிடத்தில் அது தானாக அடங்கியும் விடுகிறது. நாமும் கிளம்பிவிடுகிறோம். மறுநாள் காலை மறுபடியும் அதே சத்தம். "பெல்ட் கத்துது சார், மாத்திடலாம்" என்கிறார் மெக்கானிக். மாற்றுகிறோம். இரண்டு வாரம் கழித்துப் புது பெல்ட்டும் கத்தத் தொடங்குகிறது. பல வீடுகளில் நடப்பது இதுதான்.

பானெட்டைத் திறந்தால் என்ஜினின் ஒரு பக்கமாகக் கறுப்பு ரப்பர் பெல்ட் ஒன்று புல்லிகளைச் சுற்றி ஓடுவது தெரியும். ஆல்டர்னேட்டர், ஏ.சி. கம்ப்ரசர், பல வண்டிகளில் வாட்டர் பம்ப், பழைய வண்டிகளில் பவர் ஸ்டியரிங் பம்ப் ஆகியவற்றைச் சுழற்றுவது இந்தப் பெல்ட்தான். புல்லியைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டிய பெல்ட், பிடி தளர்ந்து வழுக்குகிறது, உடனே மறுபடி பிடிக்கிறது, மறுபடி வழுக்குகிறது. ஒரு நொடிக்குள் இது பல நூறு முறை நடக்கும்போது பெல்ட் அதிர்கிறது. அந்த அதிர்வுதான் நம் காதில் கிரீச்சென்று விழுகிறது.

அதனால் பெல்ட்டைத் தொடும் முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: சத்தம் எப்போது வருகிறது? காலையில் ஸ்டார்ட் செய்ததும் வந்தால், என்ஜினை எழுப்ப பேட்டரி கொடுத்த மின்சாரத்தை ஆல்டர்னேட்டர் அவசரமாகத் திருப்பி நிரப்பிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அதன் புல்லி சிறியது, சுமையோ பெரியது. பெல்ட் கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் முதலில் வழுக்குவது அங்கேதான். ஏ.சி. போட்டவுடன் கத்தினால் கம்ப்ரசரின் சுமையைப் பாருங்கள். ஸ்டியரிங்கைக் கடைசி வரை ஒடிக்கும்போது கத்தினால், பழைய வண்டியில் பவர் ஸ்டியரிங் பம்ப்பைப் பாருங்கள். மழை நாளில் தேங்கிய தண்ணீரைக் கடந்ததும் கத்தி, பெல்ட் காய்ந்ததும் நின்றுவிட்டால், பெரும்பாலும் இழுவிசை குறைந்திருக்கும்.

இன்னொரு சத்தமும் உண்டு. நீளமான கிரீச் அல்ல. குருவி கத்துவது போல 'கீச், கீச்' என்று விட்டுவிட்டு, என்ஜின் வேகம் கூடக்கூட அடுத்தடுத்து வரும். அது வேறு நோய். ஏதோ ஒரு புல்லி மற்றவற்றோடு நேர்கோட்டில் இல்லை. பெல்ட் கொஞ்சம் சாய்வாக உள்ளே நுழைகிறது.

இரண்டையும் பிரித்தறிய எளிய சோதனை ஒன்று இருக்கிறது. என்ஜின் நிதானமாக ஓடும்போது, சத்தம் கேட்கும் நேரத்தில், ஸ்பிரே பாட்டிலால் பெல்ட்டின் வரிவரியான உட்பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் அடிக்க வேண்டும். சத்தம் நின்று சற்று நேரத்தில் திரும்பி வந்தால் புல்லி நேராக இல்லை. சத்தம் அதிகமானால் பெல்ட் வழுக்குகிறது. தண்ணீர் மட்டும்தான், எண்ணெய் கூடாது. கிணற்று உருளை கிரீச்சிட்டால் எண்ணெய் விட்டுப் பழகியவர்கள் நாம். அங்கே தேய்வது அச்சு. இங்கே பெல்ட்டுக்கு வேண்டியது பிடிப்பு. எண்ணெய் அதைத்தான் அழிக்கிறது. சோப்பு, மெழுகு, கடையில் விற்கும் பெல்ட் ஸ்பிரே எதுவும் வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. சத்தம் சில நாள் அடங்கும், தூசி ஒட்டும், காரணம் அப்படியே இருக்கும்.

பாதுகாப்பைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். என்ஜின் ஓடும்போது கை, துப்பட்டா, முந்தானை, தொங்கும் சங்கிலி எதுவும் பெல்ட் பக்கம் போகவே கூடாது. என்ஜின் நின்ற பிறகும் ரேடியேட்டர் ஃபேன் திடீரென்று சுற்றலாம். சாவியை எடுத்துவிட்டு, என்ஜின் ஆறிய பிறகே கையை விடுங்கள்.

இப்போது பெல்ட்டைப் பாருங்கள். பழைய ரப்பர் பெல்ட்டில் குறுக்கே வெடிப்புகள் தெரியும். கடந்த இருபது ஆண்டுகளில் வந்த கார்களில் பெரும்பாலும் இருப்பது இ.பி.டி.எம். ரப்பர். அது எளிதில் வெடிக்காது. டயரைப் போல மெல்லத் தேயும், வரிகளுக்கு இடையிலான பள்ளம் அகலமாகும். "வெடிப்பே இல்லையே, நல்லாத்தான் இருக்கு" என்று அதை விட்டுவிடக் கூடாது. பெல்ட்டில் எண்ணெய்ப் பசையோ கூலன்ட் கறையோ இருந்தால், முதலில் ஒழுகும் இடத்தை அடைத்துவிடுங்கள். பெல்ட் அதற்குப் பிறகுதான்.

புது பெல்ட்டும் கத்துவதற்குப் பெரும்பாலும் காரணம், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர்தான். அதன் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது பேரிங் போயிருக்கும். பெல்ட்டைக் கழற்றியதும் ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். கரகரவென்று ஓடினாலோ, பக்கவாட்டில் ஆடினாலோ கோளாறு அங்கேதான். பல புதிய வண்டிகளின் ஆல்டர்னேட்டர் புல்லி ஒரு திசையில் தனியாகச் சுற்ற வேண்டும். இரு பக்கமும் இறுகிப் போயிருந்தால் அதுவும் பெல்ட்டை உதறும்.

ஆல்டர்னேட்டர் போல்ட்டைத் தளர்த்திக் கையால் இறுக்கும் பழைய வண்டிகளில், இரண்டு புல்லிக்கு நடுவே சுமார் 10 கிலோ விசையில் அழுத்தினால் பெல்ட் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் உள்ளே போகலாம். சரியான அளவு வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டில் இருக்கும். சத்தம் வரவே கூடாதென்று முறுக்கி இறுக்கினால் ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப் பேரிங்குகள் சீக்கிரம் போய்விடும். அந்தச் செலவு பெல்ட்டை விடப் பல மடங்கு.

ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரி விளக்கு சிவப்பாக எரிந்து, வெப்பமானியின் முள்ளும் ஏறினால் பெல்ட் அறுந்திருக்கலாம். உடனே ஓரமாக நிறுத்துங்கள். வாட்டர் பம்ப் சுற்றாமல் அடுத்த ஊர் வரை ஓட்டினால் என்ஜினே போய்விடும்.

கையால் இறுக்கும் புது பெல்ட் முதல் சில நாள்களில் சற்று நீளும். அதனால் போட்ட ஒரு வாரத்தில் வண்டியைத் திரும்பக் கொண்டுபோய் இறுக்கத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.