மறதி நோயுற்ற முதியோரைப் பேணுதல்
(யூபிலி விழாவில் ஆற்றிய உரை)



1906-ஆம் ஆண்டு ஜெர்மானிய மருத்துவர் அல்சைமர் எடுத்துரைத்த மறதி நோய், முதுமையின் இயல்பன்று. மூளையைத் தாக்கும் வியாதி. முற்றிலும் குணமாக்கும் மருந்து இன்றும் இல்லை, பராமரிப்பே பெருந்துணை.

உண்டதை மறந்து மீண்டும் சோறு கேட்கும் தாயிடம் வாதாட வேண்டாம்; சிறிது பழம் கொடுங்கள். அண்மை நிகழ்ச்சிகளே முதலில் மறையும். இளமை நினைவு நெடுநாள் நிற்கும். ஆகவே, தெலுங்கு பேசி வளர்ந்த பாட்டி பின்னாளில் கற்ற தமிழை மறக்கக்கூடும். அவரிடம் தெலுங்கிலேயே பேசுங்கள்.

நம் ஊர் திருப்பதி நெடுஞ்சாலையில் உள்ளது. வழிதவறிச் செல்லும் பெரியவரின் சட்டைப்பையில் பெயரும் விலாசமும் எழுதி வையுங்கள்.

1992-இல் கேரளத்தில் தோன்றிய இந்திய அல்சைமர் சங்கம் இத்தகைய குடும்பங்களுக்கு வழிகாட்டுகிறது. ஆயினும் இரவு பகலாய்க் கண்விழிப்பவள் வீட்டு மருமகளே. வாரம் ஒருநாளேனும் மகன் அப்பொறுப்பை ஏற்கட்டும். அண்டை வீட்டாரும் ஒரு மணி நேரம் துணையிருங்கள்.