ரேடியோவில் பாடிய ஆல்டேர்



கம்ப்யூட்டர் ஆர்வலர் மன்றங்களில் 'டெமோ' என்று ஒன்று நடக்கும். ஒருவர் வீட்டில் உட்கார்ந்து செய்ததைத் தூக்கிக்கொண்டு வந்து நாலு பேர் எதிரே ஓட்டிக் காட்டுவார். இதைக் கலை என்று விமர்சகர்கள் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. நான் சேர்ப்பேன். அதன் ஆகச் சிறந்த அரங்கேற்றங்களில் ஒன்றுக்கு ஒரு ரேடியோ பெட்டிதான் பக்கவாத்தியம். அதனால் வானொலியில் இதைப் பேசுவது பொருத்தம்தான்.

அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில், 1975 மார்ச் 5 அன்று கார்டன் ஃபிரெஞ்ச் என்பவரின் கார் ஷெட்டில் முப்பது பேர் போலக் கூடினார்கள். அவரும் ஃபிரெட் மூரும் சேர்ந்து தொடங்கிய அந்த அமைப்புதான் ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப். அன்று எல்லோரும் சுற்றி நின்று பார்த்த பொருள் ஆல்டேர் 8800 என்ற கம்ப்யூட்டர். நியூ மெக்சிகோவிலிருந்து எம்.ஐ.டி.எஸ் என்ற கம்பெனி உதிரிப் பாகங்களாக அனுப்பும், வாங்கியவரே பற்றவைத்துக்கொள்ள வேண்டும். விலை 397 டாலர். விசைப்பலகை கிடையாது, திரை கிடையாது. முகப்பில் வரிசையாக ஸ்விட்சுகள், அவற்றுக்கு மேலே சிவப்பு விளக்குகள். நினைவகம் வெறும் 256 பைட். இதை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது என்று வாங்கியவருக்கே தெரியாது.

அதற்குச் சில வாரம் கழித்து நடந்த கூட்டத்தில் ஸ்டீவ் டாம்பியர் என்ற உறுப்பினர் தன் ஆல்டேரையும், ஒரு சின்ன டிரான்சிஸ்டர் ரேடியோவையும் கொண்டு வந்தார். நிரலை ஏற்றினார். ஏற்றுவது என்றால் எட்டு ஸ்விட்சை மேலும் கீழுமாக வைத்து ஒரு பைட்டை அமைத்து, அதை நினைவகத்தில் போட இன்னொரு ஸ்விட்சைத் தட்ட வேண்டும். பிறகு அடுத்த பைட். இப்படியே கடைசி வரை. முடிகிற நேரத்தில் யாரோ மின்கம்பியில் கால் தடுக்க, கரண்ட் போய், போட்டதெல்லாம் அழிந்தது. மறுபடி முதலிலிருந்து தட்டினார். கூட்டமும் கலையாமல் காத்திருந்தது. ரேடியோவை ஆல்டேர் மேல் வைத்து இயக்கியதும், பீட்டில்ஸ் குழுவின் 'ஃபூல் ஆன் த ஹில்' பாட்டின் மெட்டு ரேடியோவிலிருந்து வந்தது. மெட்டு முடிந்து கைதட்டல் எழுவதற்குள் ஆல்டேர் தானாக 'டெய்சி' பாட்டைத் தொடங்கியது. 1961இல் பெல் ஆய்வகத்தில் ஓர் ஐபிஎம் இயந்திரம் பாடிய அதே பாட்டு. விஷயம் தெரிந்தவர்கள் கூடியிருந்த சபையில் அதைத் தேர்ந்தெடுத்ததில் இருக்கிறது டாம்பியரின் ரசனை.

ஆல்டேரில் ஒலிபெருக்கி இல்லையே, சத்தம் எப்படி வந்தது? வீட்டில் மிக்ஸி ஓடும்போது மீடியம் வேவ் கரகரப்பதைக் கேட்டிருப்பீர்கள். மின்னோட்டம் ஏறி இறங்கும்போது அலைகள் கசிகின்றன. ஆல்டேரின் சுற்றுகளும் கசிந்தன. ஒரு நாள் நிரல் ஓடிக்கொண்டிருக்க, பக்கத்தில் ரேடியோ பாடியும் பாடாமலும் இரைந்ததை டாம்பியர் கவனித்தார். நிரல் மாறினால் இரைச்சலும் மாறியது. ஒரே கட்டளைக் கூட்டத்தை ஒரு நொடியில் எத்தனை தடவை சுற்றவிடுகிறோமோ, அதற்கேற்ற சுருதி. சுற்று நீண்டால் ஸ்வரம் இறங்கும், குறுகினால் ஏறும். மற்றவர் தொல்லை என்று ரேடியோவைத் தள்ளி வைத்திருப்பார்கள். இவர் பல மணி நேரம் உட்கார்ந்து எந்த எண்ணுக்கு எந்த ஸ்வரம் என்று பட்டியல் போட்டார்.

நல்ல டெமோவுக்கு நான் வைக்கும் அளவுகோல் இரண்டு. பார்க்கிறவருக்கு எதிர்பாராத ஒன்று கிடைக்க வேண்டும். அவர் வீட்டுக்குப் போய் அதைத் தானும் செய்ய வழி இருக்க வேண்டும். டாம்பியர் செய்முறையை எழுதி அச்சில் கொடுத்துவிட்டார். ஆல்டேர் வைத்திருந்த எவரும் பாடவைக்கலாம். இரண்டாவது இல்லாத டெமோ விளம்பரம்தான், எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும்.

மன்றம் வளர்ந்து, ஸ்டான்ஃபோர்டின் துகள் முடுக்கி மைய அரங்குக்குப் போன பிறகு லீ ஃபெல்சன்ஸ்டைன் கூட்டத்தை நடத்தினார். முதல் பாதியில் கையைத் தூக்கியவர் எழுந்து தன்னிடம் என்ன இருக்கிறது, என்ன தேவை, என்ன கேள்விப்பட்டார் என்று சொல்வார். இரண்டாம் பாதியில் யார் வேண்டுமானாலும் யாரையும் தேடிப் போய்ப் பேசலாம். கூச்ச சுபாவிகளைக் காப்பாற்றியது இந்த இரண்டாம் பாதி. அவர்களில் ஒருவரான ஸ்டீவ் வாஸ்னியாக் பேச எழுந்திருக்க மாட்டார். மேஜையில் தன் பலகையை வைத்து, கீபோர்டையும் டிவியையும் இணைத்துவிடுவார். ஆட்கள் தாமே சூழ்ந்துகொள்வார்கள். கேட்டவருக்குச் சுற்றுப்படத்தின் நகலையும் கொடுத்தார். பிறகு 666.66 டாலருக்கு விற்ற ஆப்பிள் ஒன் அதுதான். அங்கே அதைப் பார்த்த கடைக்காரர் பால் டெரல் ஐம்பது கேட்டார்.

எல்லாமே புகழ்ச்சிக்குரியவை அல்ல. 1975 ஜூனில் பாலோ ஆல்டோவின் ஒரு ஹோட்டலில் ஆல்டேர் காட்சி நடந்தது. அங்கிருந்து ஆல்டேருக்கான பேசிக் என்ற நிரல்மொழி அடங்கிய ஒரு காகித நாடா காணாமல் போனது. நகல் எடுத்து அடுத்த கூட்டத்தில் பங்கிட்டார்கள். வாங்குகிறவர் அடுத்த தடவை இரண்டு கொண்டுவர வேண்டும் என்பது ஏற்பாடு. உழைப்பைத் திருடுகிறீர்கள் என்று, அந்த பேசிக்கை எழுதியவர்களில் ஒருவரான இருபது வயது பில் கேட்ஸ் 1976 பிப்ரவரியில் பகிரங்கக் கடிதம் எழுதினார். பணம் கட்டிவிட்டு நாடா வராமல் காத்திருந்தவர்களின் கோபத்திலும் நியாயம் இருந்தது. ஆனாலும் நான் கேட்ஸ் பக்கம்தான். தன் சுற்றுப்படத்தைத் தானே கொடுப்பது வேறு, அடுத்தவருடையதை எடுத்துக் கொடுப்பது வேறு.

மன்றத்தை மெலியவைத்தது அந்தக் கடிதமல்ல, உறுப்பினர்களின் வெற்றி. ஒவ்வொருவராகக் கம்பெனி தொடங்கினார்கள். எழுந்து நின்று, என்ன செய்கிறேன் என்று இப்போது சொல்ல முடியாது என்றார்கள். பெட்டி மேஜைக்கு வந்தது, சுற்றுப்படம் வரவில்லை. 1986 டிசம்பரில் கடைசிக் கூட்டம் நடந்தபோது, கம்ப்யூட்டர் வேண்டுமென்றால் கடைக்குப் போய் வாங்கிக்கொள்ளலாம் என்ற நிலை வந்து பல வருஷம் ஆகியிருந்தது.