முத்துக்குளி வள்ளத்தைப் புதுக்குவோம்!



கொற்கை முத்தால் பாண்டியர் புகழ் கடல் கடந்தது. அம் முத்தெடுக்கக் கடலோடியது நம் வள்ளம். கல்லில் காலூன்றிக் குளியாளி ஆழத்தில் இறங்கினான். மேலே கயிறு பிடித்தவன் அவன் உயிரையே பிடித்திருந்தான்! தூத்துக்குடிக் கடலில் 1961-இல் நடந்ததே இறுதிப் பெருங்குளிப்பு. சிப்பிவளம் குன்றியது, குளிப்பு நின்றது, வள்ளங்கள் மூப்படைந்தன.

பழைய வள்ளத்தைப் புதுக்குவது எளிதன்று. மட்கிய பலகையை மட்டுமே கழற்றவேண்டும். அதன் வளைவையே அளவாகக் கொண்டு புதுப்பலகை அறுக்கவேண்டும். இணைப்புகளில் பஞ்சுத்திரி திணித்துக் கலப்பற்றுச் செய்யவேண்டும். இவ்வேலையை ஏட்டில் கற்றல் அரிது. முதிய தச்சரின் கையும் நாவுமே ஏடு! அடிமரத்தை 'ஏரா' என்பார். முன்புறத்தை 'அணியம்' என்பார். விலாமரத்தை 'வங்கு' என்பார். பாய் தாங்கும் குறுக்குமரத்தைப் 'பருமல்' என்பார். கடற்றொழிலுக்குத் தமிழில் சொல்லில்லை என்று நம்மவரே பேசுகின்றனர். கேட்கவேண்டிய இடத்தில் கேட்டோமா?

எனவே, ஆணியைப் பிடுங்குமுன் ஒவ்வோர் உறுப்பின் பெயரையும் அம் முதியவர் வாய்ச்சொல்லாலேயே எழுதிக்கொள்ளுங்கள். பலகை மட்கினால் வேறு மரம் உண்டு. சொல் மட்கினால் மாற்று ஏது? வள்ளத்தைப் புதுக்குவோம், அதனொடு சொல்லையும் மீட்போம்!