ஆதரவாளரா, வாடிக்கையாளரா?
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவள். மைக் பிடிச்சுப் பேசிப் பழக்கமில்லை. தப்பு இருந்தா பொறுத்துக்கங்க.

எங்க குழுவில் பருப்புப் பொடி, இட்லிப் பொடி, ஊறுகாய் போடுறோம். போன வருஷம் ஒரு விற்பனைக் கண்காட்சிக்குப் பலகை எழுதணும்னு வந்தது. ஒருத்தி, "ஆதரவாளர்களே வருக"ன்னு எழுதலாம்னு சொன்னாள். இன்னொருத்தி, "அது கட்சிக் கூட்டம் மாதிரி இருக்கு, வாடிக்கையாளர்களேன்னு போடு" என்றாள். லேபிள் அடிக்கிற கடையிலோ, "நுகர்வோர் தொடர்புக்கு எந்த நம்பர் போடணும்?"னு கேட்டாங்க. எல்லாம் ஒரே ஆளைத்தானே சொல்லுது, எதுக்கு இத்தனை வார்த்தைன்னு அன்னைக்கு நினைச்சேன். ஒரே ஆள் இல்லைன்னு பிறகுதான் புரிஞ்சுது.

வாடிக்கைன்னா வழக்கம். வாடிக்கைப் பால்னு சொல்றோம் இல்லையா? தினமும் அதே வீட்டுக்கு அதே அளவு ஊத்துறது. ஒரு தடவை வாங்கிட்டுப் போறவங்க வாடிக்கையாளர் இல்லை. திரும்பத் திரும்ப வர்றவங்கதான் வாடிக்கையாளர்.

சந்தையில் கிராக்கின்னு ஒரு வார்த்தை உண்டு. மதகடிப்பட்டு செவ்வாய்ச் சந்தைக்குப் போனா காதில் விழும். வாங்க வர்ற ஆளுக்கும் கிராக்கின்னுதான் பேர்; சரக்குக்குத் தேவை ஏறினாலும் "நல்ல கிராக்கி"ங்கிறோம். ஆள் வந்தாத்தான் விலை வரும்னு அந்த வார்த்தையே சொல்லுது.

நுகர்வோர்ங்கிறது சட்டத்தில் வர்ற வார்த்தை. நுகர்தல்னா முகர்றது, அனுபவிக்கிறது. பொடியை வாங்கிட்டுப் போறவர் வீட்டுக்காரரா இருக்கலாம். சோத்தில் போட்டுச் சாப்பிடுற பிள்ளையும் நுகர்வோர்தான். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986-இல் வந்தது. அதை மாத்தி 2019-இல் புதுச் சட்டம் போட்டாங்க. காசு கொடுத்து வாங்கின பொருளில் குறை இருந்தா கேட்கிறது அவங்க உரிமை.

அடுத்தது புரவலர். புரத்தல்னா காப்பாத்துறது. இதுக்கு உதாரணம் நம்ம பாகூரிலேயே இருக்கு. ஆயிரத்து நூறு வருஷத்துக்கும் முன்னாடி பாகூரில் ஒரு பெரிய கல்விச்சாலை இருந்தது. அது நடக்கிறதுக்காகப் பல்லவ ராஜா நிருபதுங்கவர்மன் காலத்தில், அவருடைய 8-ஆவது ஆட்சியாண்டில், மூணு ஊரைத் தானமாக் கொடுத்தாங்க. பாகூர்ச் செப்பேட்டில் அது எழுதியிருக்கு. ஊர் வருமானம் வந்துக்கிட்டே இருக்கும், படிப்பு நடந்துக்கிட்டே இருக்கும். அதுதான் புரவலர் செய்யற காரியம்.

நமக்குச் சுழல் நிதி வந்ததே, அது அந்த மாதிரி உதவி. ஆனா வங்கிக் கடன் அப்படியில்லை. மாசா மாசம் வட்டியோட தவணை கட்டணும். நமக்கு மூணு ஊரை எழுதிவைக்க ராஜா யாரும் இல்லை. தவணைப் பணம் பொடி விற்ற காசிலிருந்துதான் வரணும்.

இப்ப எங்க கதைக்கு வர்றேன். கண்காட்சியில் சரக்கு பூரா வித்துப்போச்சு. எங்களுக்கு ஒரே சந்தோஷம். பத்து நாள் கழிச்சு லேபிளில் இருந்த நம்பருக்கு ஒரு அம்மா போன் பண்ணாங்க. "பருப்புப் பொடி கட்டி கட்டியா இருக்கு, சிக்கு வாடை அடிக்குது"ன்னாங்க. எனக்குக் கோபம் வந்துட்டுது. "நாங்க கிராமத்துப் பொம்பளைங்க, ஏதோ உங்க ஆதரவில் செய்யறோம்மா"ன்னு சொன்னேன். அந்த அம்மா நிதானமா, "நான் ஆதரவு கொடுக்க வாங்கலம்மா, சோத்தில் போட்டுச் சாப்பிட வாங்கினேன்"னு சொல்லிட்டு வச்சுட்டாங்க.

அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரலை.

அந்த வாரமே என் நாத்தனார் வீட்டில் ஒரு விசேஷம். பாத்திரம் எடுக்கப் பரண்ல ஏறினேன். நாங்க போட்ட பொடி பாக்கெட் நாலு, பிரிக்காமலே கிடந்தது. மாசா மாசம் என்கிட்ட வாங்கினதுதான். அண்ணி என் முகத்தைப் பார்த்துட்டு, "நீ கஷ்டப்பட்டுச் செய்யறே, வேண்டாம்னு எப்படிச் சொல்றது?"ன்னாங்க. அவங்க மேல எனக்கு வருத்தமில்லை. பாசத்தில் வாங்கினாங்க. ஆனா எங்க கணக்கு நோட்டில் வாடிக்கைன்னு எழுதியிருந்ததில் எத்தனை பேர் இப்படிப் பரண்ல போட்டாங்களோன்னு நெஞ்சு பதறிப்போச்சு.

மறுநாள் குழுவைக் கூட்டி எல்லாத்தையும் சொன்னேன். எங்கே தப்புன்னு பார்த்தோம். கண்காட்சி அவசரத்தில், அரைச்ச பொடியைச் சூடு ஆறுறதுக்குள்ள பாக்கெட்டில் அடைச்சு ஒட்டிட்டோம். உள்ளே வேர்த்து ஈரம் கட்டிடுச்சு. அதான் கட்டி, அதான் வாடை. இப்ப பருப்பை வறுத்து நல்லா ஆறவிட்டு அரைக்கிறோம். அரைச்ச பொடியைத் தாம்பாளத்தில் பரப்பி, மறுபடி ஆறவச்சுத்தான் அடைக்கிறோம்.

புதுப் பொடி ரெண்டு பாக்கெட் எடுத்துக்கிட்டு அந்த அம்மா வீட்டைக் கேட்டுப் போனேன். ஒண்ணைக் கெட்டுப்போனதுக்குப் பதிலா வாங்கிக்கிட்டாங்க. இன்னொண்ணுக்குக் காசு கொடுத்தாங்க. நான் வேண்டாம்னேன், விடலை. இப்ப மாசம் ரெண்டு பாக்கெட் அவங்களுக்குப் போகுது. ஆதரவாளரே இல்லைன்னு சொன்னவங்கதான் இன்னைக்கு எங்க முதல் வாடிக்கை.

ஆதரவு வேண்டாம்னு நான் சொல்லலை, சகோதரிகளே. அது இல்லாம முதல் போணியே ஆகாது. ஆனா ஆதரவு நம்மை வாசப்படி வரைக்கும்தான் கொண்டுவந்து விடும். அடுத்த மாசமும் வாங்க வைக்கிறது பொருளோட தரம்தான்.

அதனால கூட்டமைப்புச் சகோதரிகள்கிட்ட ஒரே வேண்டுகோள். ஒரு குழு செஞ்சதை இன்னொரு குழு வாங்குங்க. வாங்கினா பிரிச்சுச் சாப்பிடுங்க. உப்பு கூடினா, வாடை வந்தா, முகத்துக்கு நேரா சொல்லுங்க. சொன்னா கோவிச்சுக்குவாளோன்னு பரண்ல போட்டுடாதீங்க.

இந்த வருஷப் பலகையில் நாங்க ஆதரவாளர்னும் எழுதலை, வாடிக்கையாளர்னும் எழுதலை. "வாங்கிச் சாப்பிட்டுப் பாருங்க, குறை இருந்தா கூப்பிடுங்க"ன்னு எழுதி, நம்பரைப் பெருசாப் போட்டிருக்கோம்.