ஆங்கிலம் சொல்லித்தரப் போகும் நம் பிள்ளைகளுக்கு
(சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் குடியிருப்பின் கல்லூரிப் பிள்ளைகள் சிலர், ஆதரவற்றோர் இல்லத்துக் குழந்தைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தர முன்வந்திருக்கிறார்கள். பாராட்டுகள். 2006இல் சென்னையில் நண்பர்கள் சிலர் தொடங்கிய ‘பூமி’யும், அதே ஆண்டு கொச்சியில் தொடங்கிய ‘மேக் எ டிஃபரன்ஸ்’ அமைப்பும் இதே வேலையை இளைஞர்களைக் கொண்டுதான் செய்தன.

மாரண்டஹள்ளிப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் தமிழோடு தெலுங்கோ கன்னடமோ பேசி வளர்கிறார்கள். இன்னொரு மொழி அவர்களுக்கு மலையல்ல. பேசிப் பழக ஆள்தான் வேண்டும். எனவே இலக்கணத்தில் தொடங்காதீர்கள். கடையில், பேருந்தில், வேலைக்கான நேர்முகத் தேர்வில் பேசுவதைப் பழக்குங்கள். 18 வயது நிறைந்ததும் பொதுவாக அவர்கள் இல்லத்தைவிட்டு வெளியேற வேண்டும். ஓசூரிலோ பெங்களூரிலோ வேலை தேடும்போது அது கைகொடுக்கும்.

மூன்று வாரம் போய்விட்டு நிறுத்துவதாக இருந்தால், போகவே வேண்டாம். விட்டுப் போனவர்களை ஏற்கெனவே பார்த்த குழந்தைகள் அவர்கள். உங்கள் தேர்வு நாட்களில் யார் போவது என்று இப்போதே எழுதி வையுங்கள்.

படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். அந்தக் குழந்தைகளின் அடையாளத்தை வெளியிடுவதை 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டம் தடை செய்கிறது.

பெரியவர்களுக்கும் வேலை உண்டு. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நம்மிடையே இருக்கிறீர்கள். பிள்ளைகளால் போக முடியாத ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் போங்கள். வகுப்பு ஒரு வாரமும் நிற்கக் கூடாது.