ஆபத்து வேளையில் கைப்பேசியின் மொழி

2023 அக்டோபர் 12-ஆம் நாள் கர்நாடகத்தில் கைப்பேசிகள் திடீரென அலறின. பேரிடர் எச்சரிக்கையை மக்களுக்கு அனுப்பும் முறையை அரசாங்கம் சோதித்துப் பார்த்த நாள் அது. பெங்களூரில் நம் அண்டை வீட்டு அம்மையார், எழுபதைக் கடந்தவர், அலறும் கருவியை ஏந்தியவாறு நம்மிடம் வந்து, "இதில் என்ன எழுதியிருக்கிறது, தம்பி?" என்றார். காய்கறிக்காரரிடம் கன்னடத்தில் பேரம் பேசி வெல்லக்கூடியவர். எனினும் அவர் படிக்கக் கற்றது தமிழ் ஒன்றே. வெளிமாநிலங்களில் வாழும் நம்மவருள் இத்தகையோர் உண்டு என்பதை நேயர்கள் அறிவீர்கள்.

அன்று வந்தது சோதனை. முந்திய ஆண்டு, 2022 செப்டம்பரில் வந்ததோ உண்மை வெள்ளம். வெளிவட்டச் சாலையை ஒட்டிய குடியிருப்புகளிலிருந்து மக்களை டிராக்டர்களில் ஏற்றி அழைத்து வந்தார்கள். அத்தகைய இரவில் மின்சாரம் இராது, விரல் நனைந்திருக்கும், மூக்குக் கண்ணாடி எங்கே வைத்தோம் என்பது மறந்திருக்கும். அவசரகாலச் செயலியை அமைப்போர் அந்த இரவை மனத்தில் இருத்தியே அமைத்தல் வேண்டும்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாமும் இதில் குற்றமற்றவர் அல்லோம். "ஓரிரு இடங்களில் கனமழை பெய்யக்கூடும்" என்று பலமுறை எழுதியிருக்கிறோம். பிழையற்ற தமிழ்தான், ஆனால் ஏரிக்கரையில் குடியிருப்பவர் அதைப் படித்து என்ன செய்வார்? வானிலைத் துறையின் நிறங்களைப் பாருங்கள். மஞ்சள் என்றால் நிலைமையைக் கவனித்திரு. ஆரஞ்சு என்றால் ஆயத்தமாகு. சிவப்பு என்றால் செயலில் இறங்கு. நாமோ "மஞ்சள் எச்சரிக்கை" என நிறத்தை மட்டும் தமிழுக்குக் கொண்டுவந்து, வினைச்சொல்லை வழியிலேயே விட்டுவிட்டோம். மஞ்சள் நமக்கு மங்கலமாயிற்றே!

தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் 'சசேத்' செயலி இந்திய மொழிகள் பலவற்றில் எச்சரிக்கை தருகிறது. வரவேற்கத்தக்கது. ஆனால் எந்தச் செயலியாயினும், மொழியை மாற்றும் இடமே ஆங்கிலத்தில் இருக்குமாயின், பூட்டின் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்த கதைதான். திறந்தவுடன் 'தமிழ்' என்ற சொல் தமிழ் எழுத்தில் தெரிய வேண்டும். செய்தியை வாய்விட்டுப் படித்துக் காட்டுமானால் இன்னும் நன்று. கன்னடமே ஆயினும் அம்மையார் காதால் புரிந்துகொள்வார்.

எழுத்தே வேண்டாத அமைப்பும் உண்டு. 2016-இல் மத்திய அரசு வகுத்த விதிப்படி, எளிய கைப்பேசியில் 5 அல்லது 9 என்னும் விசையை நீள அழுத்தினாலும், திறன்பேசியில் மின்விசையை விரைவாக மூன்று முறை அழுத்தினாலும் உதவிக்கு அழைப்புப் போதல் வேண்டும். அழுத்தும் முறை கருவிக்குக் கருவி வேறுபடலாம். உங்கள் கருவியின் முறையை இன்றே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மையாருக்கு நாம் இதைக் காட்டிக் கொடுத்தோம். "ஒரு தரம் அழுத்திப் பார்க்கட்டுமா?" என்றார். "வேண்டாம் அம்மா, 112-க்குப் போய்விடும்" என்று தடுத்தோம். ஒத்திகைக்கென ஒரு பொத்தான் இருந்திருந்தால் அன்றே அவர் விரல் பழகியிருக்கும்.